ஆட்டோக்காரரின் தற்காலிகக் குரல்

ஒரு வாக்கியத்தை ஒருவர் நூறு முறை கேட்கப்போகிறார் என்று தெரிந்துகொண்டே அதை எழுதுவது எப்படி? ஐம்பதை நெருங்கும் வயதில்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. அதுவரை நான் எழுதியதெல்லாம் வசனகவிதை. ஒரு சொல் இரண்டாம் முறை வந்தால் யோசிக்காமல் அடித்துவிடுகிற கை என்னுடையது. வீடியோ கேம் அப்படியில்லை. அதில் ஒரு பாத்திரம் தெருமுனையில் நிற்கும். ஆடுபவர் அந்த முனையைக் கடக்கும்போதெல்லாம் அது வாயைத் திறந்து எதையாவது சொல்லியாக வேண்டும். சொன்னதையே சொன்னால் பொம்மை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொன்னால் உளறுவாயன். இரண்டுக்கும் நடுவே, திரும்பி வந்தாலும் சலிக்காத ஒரு வாக்கியம் வேண்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் வாசலில் நின்று “வாங்க வாங்க” என்கிறோமே, அது யாருக்காவது சலித்திருக்கிறதா? அந்த மாதிரி.

எனக்கு அது வரவில்லை. என் கணவருக்கு வந்தது.

தரமணியில் ஒரு பெரிய கட்டடத்தின் மூலையில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற சிறிய நிறுவனம். திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் ஒரு கவிதையை மனசுக்குள் எழுதி அடித்து முடிப்பதற்குள் தரமணி வந்துவிடும். வேறு ஊர்க்காரர்களுக்காகப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், சொந்தமாக ஒரு கேம் செய்யலாம், அது நம் ஊர்க் கதையாக இருக்கட்டும் என்று முடிவுசெய்து என்னை அழைத்திருந்தார்கள். நிறுவனத்தை நடத்துபவர் என்னைவிட வயதில் சிறியவர். முதல் நாளே கேட்டார்.

“மேடம், கதை ஓகே. இதுல வில்லன் யாரு?”

“காபி.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கதை இவ்வளவுதான். தங்கைக்குக் கல்யாணம். அக்காவுக்கு இன்னும் ஆகவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அக்காதான் ஊரெல்லாம் பத்திரிகை வைக்கப் போகிறாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், மடி நிறையப் பத்திரிகை. மயிலாப்பூர் மாட வீதியில் தொடங்கி, தி.நகர் வழியாக அடையாறு வரை, ஒரே ஒரு பிற்பகல். ஆட்டோதான் வாகனம். போகிற வீட்டிலெல்லாம் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் காபி வரும். குடித்தால் நேரம் போகும். குடிக்காவிட்டால் மனஸ்தாபம். கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற இடத்தில் வைத்து அந்தக் கேள்வி வரும்: “உனக்கு எப்பம்மா?”

துப்பாக்கி இல்லாத ஆட்டத்தில் எது காயப்படுத்தும் என்று நாங்கள் மாதக்கணக்கில் பேசினோம். முதல் முறை ஆடிப் பார்த்த வெளியூர் ஆட்கள் எல்லா வீட்டிலும் ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்திவிட்டு ஓடினார்கள். பாதிப் பொழுது மிச்சமிருக்கும்போதே அடையாறு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜெயித்த முகத்தோடு எங்களைப் பார்த்தார்கள். நம் ஊரில் காபியை மறுத்தவள் ஜெயிக்கவே முடியாது என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? எழுத்தில் என்றால் ஒரு வரி சேர்ப்பேன். ஆட்டத்தில் வரி செல்லாது, விளைவுதான் வேண்டும். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ஒரு வீட்டில் மறுத்தால் அடுத்த வீட்டுக்குத் தொலைபேசி போய்விடும். நாம் படியேறுவதற்குள் கதவு திறக்கிறவரின் முகம் சுண்டியிருக்கும். எதற்கென்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். பத்திரிகையை வாங்கி, பிரித்துப் பார்க்காமல், டீவி மேல் வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் அலுவலகத்திலேயே ஒரு பெண் “ஐயோ, எங்க சித்தி” என்று கத்தினாள்.

அந்தக் கேள்வியை மட்டும் நான் மாற்றவே இல்லை. எல்லா வீட்டிலும் அதே இரண்டு சொல். மாட வீதியில் கேட்கும்போது ஆடுபவர்கள் சிரிப்பார்கள். தி.நகரில் புருவம் சுருங்கும். அடையாற்றுக்குள் நுழைகிற திரு.வி.க. பாலம் தாண்டியதும் சிலர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

அந்த வீடுகளுக்கு நடுவே மூச்சுவிட ஓர் இடம் வேண்டியிருந்தது. அதுதான் ஆட்டோ, அதை ஓட்டுகிறவர். அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல், தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வரும் மனிதர். எல்லோருக்கும் பிடிக்க வேண்டிய குரல். அவருக்கு நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் கவிதையாக இருந்தது. ஒலி அமைக்கும் பெண் ஒருத்தி எங்களோடு இருக்கிறாள், அடையாற்றுக்காரி, என்னை அக்கா என்பாள். படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அக்கா, இவரு ஆட்டோ ஓட்டல. மேடையில நிக்கிறாரு.”

கேமில் கடைசியில் நடிகர்கள்தான் குரல் கொடுப்பார்கள். அதுவரை ஆட்டம் ஊமையாக இருக்கக் கூடாதென்று அலுவலகத்தில் இருப்பவர்களோ வீட்டில் இருப்பவர்களோ பேசித் தற்காலிகமாகப் பொருத்திவைப்பது வழக்கம். பிறகு நிஜக் குரல் வந்ததும் இது போய்விடும். ஆட்டோக்காரரின் தற்காலிகக் குரலை என் கணவரிடம் கேட்டேன். அவர் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. தோல் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போய் வெளியே பெஞ்சில் காத்திருப்பதுதான் பிழைப்பு. காத்திருக்கிற இடத்தில் யார் பேசுவதையும் கேட்டுக்கொண்டு வந்து, வீட்டில் அப்படியே பேசிக் காட்டுவார். அவருடைய சொந்தப் பேச்சு வேறு. தாழ்ந்த குரல், மெதுவாக, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னொருவர் நுழைய இடம்விட்டுப் பேசுவார். ஆட்டோக்காரராக மாறினால் அந்தக் குரல் எங்கே போகும் என்றே தெரியாது.

எதிரொலி விழக் கூடாது என்பதற்காக அவரைக் கட்டிலில் உட்காரவைத்து மேலே கனத்த போர்வையைப் போர்த்தினேன். ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் கொடுத்தேன். சித்திரை வெயில். மின்விசிறியை நிறுத்திவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“கவிஞரே, ஃபேனைப் போட்டுக்கலாமா? மூச்சு முட்டுது.”

“சத்தம் கேக்கும். பேசுங்க.”

“நீ எழுதினத அந்தாளு பேச மாட்டான்.”

“எந்தாளு?”

“இந்த ஆளு.” தொண்டையைக் கனைத்தார். அடுத்த நிமிடம் வேறொருவர் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “இன்னா மா, அந்தூட்ல ஒரு காபி, இந்தூட்ல ஒரு காபி, உன் வயிறு இன்னா பில்டரா? எறங்கறப்போ சொல்லு, எனக்கு ஒரு டம்ளர் புடிச்சுக்கறேன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சமையலறையில் குக்கர் விசிலடித்தது. அதுவும் பதிவாகிவிட்டது.

அன்று மாலை வரை பேசினார். நான் தாளில் எழுதியிருந்த எதையும் பேசவில்லை. நடுநடுவே போர்வையை விலக்கி, வேர்வை வழிகிற முகத்தோடு, தன் சொந்தக் குரலில் “ஆச்சா? இது சரியா வந்துச்சா?” என்பார். “பக்கத்து வீட்ல பாத்திரம் கழுவுறாங்க, இரு” என்பார். மறுபடி போர்வை. மறுபடி அந்த ஆள்.

அந்தக் குரல் வந்த பிறகு ஆட்டம் ஓடத் தொடங்கியது. ஆடிப் பார்த்தவர்கள் வீட்டுக்குள் போவதைத் தள்ளிப்போட்டு, சும்மா ஆட்டோவில் சுற்றினார்கள். பாண்டி பஜாரை இரண்டு சுற்று. “இன்னாமோ போ” என்று அவர் ஒரு சிக்னலில் சொல்வதை மறுபடி கேட்க அதே சிக்னலுக்குத் திரும்பி வந்தார்கள். நான் தேடிக்கொண்டிருந்த சலிக்காத வாக்கியம் கடைசியில் அதுதான். அர்த்தமென்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை.

மழைக்காலம் தொடங்கியபோது தி.நகரில் ஒரு டாக்டரின் வாசலில், தன் முறைக்காகக் காத்திருக்கும்போது, என் கணவர் பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். மடியிலிருந்த பை கவிழ்ந்து மாதிரி மருந்துகள் தரையெல்லாம் உருண்டனவாம். டாக்டர் வாசலில் விழுந்தது அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. வலது கை போயிற்று, வலது கால் பாதி திரும்பி வந்தது. பேச்சு போயிற்று. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வருகிறது.

“அப்புறம்.”

ஏன் அந்தச் சொல் என்று கேட்டேன். சிலருக்கு இப்படி ஒன்று மட்டும் தங்கிவிடும், அதற்குக் காரணமெல்லாம் கிடையாது என்றார் டாக்டர். தண்ணீர் வேண்டும் என்றால் அப்புறம். ஜன்னலைச் சாத்து என்றால் அப்புறம். வலித்தால் அப்புறம். கோபம் வந்தால் அந்தச் சொல்லையே சுவரில் எறிவது போல எறிவார். ஒரே ஒலியை இடத்துக்கு ஏற்ப வேறு வேறாக ஒலிக்கச் செய்வது எப்படி என்று நான் அலுவலகத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேனே, அது என் வீட்டுக் கட்டிலில் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதிக்கு அவர் இடது கையால் காற்றில் எதையோ வரைவார். பிறகு கையை விட்டுவிடுவார்.

விடுப்பு முடிந்து நான் தரமணிக்குத் திரும்பிய நாள், கதவைத் திறந்ததுமே அவர் குரல் கேட்டது. ஒரு மேசையில் “எறங்கு மா, வூடு வந்துச்சு”. இன்னொன்றில் “ஓரமா போ நைனா, ரோடு இன்னா உங்க மாமனார் குட்தா?” என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராகச் சத்தத்தைக் குறைத்தார்கள். அறை மௌனமாகியது. அதுதான் தாங்கவில்லை.

“கொறைக்காதீங்க. இருக்கட்டும்,” என்றேன்.

அன்று முதல் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் குரல் ஆட்டத்தில் இருக்க வேண்டும். தற்காலிகமாக இல்லை, நிரந்தரமாக. வீட்டில் இல்லாதது அங்கேயாவது இருக்கட்டும். நடிகரைப் பேசவைக்கும் நாள் நெருங்கியதும் நிறுவனத்தை நடத்துபவரிடம் போய்ச் சொன்னேன். கலைக்காக என்பது போலச் சொன்னேன். இந்தக் குரலில் ஊர் இருக்கிறது, நடிகரிடம் பயிற்சிதான் இருக்கும் என்றேன்.

“மேடம், பின்னாடி குக்கர் விசில் கேக்குது.”

“மெட்ராஸ்ல எந்தத் தெருவுல குக்கர் விசில் இல்ல?”

“ஆட்டோக்குள்ளயா?”

பிறகு அவரே சொன்னார். “சுத்தம் பண்ணி வெக்கலாம். எனக்கும் இந்தக் குரல்தான் பிடிக்கும். ஆனா சார் தற்காலிகத்துக்குன்னுதான் பேசிக் கொடுத்தாரு. நிரந்தரமா வெக்கணும்னா அவரு சரின்னு சொல்லணும். அவருதான் சொல்லணும் மேடம், நீங்க இல்ல.”

சரி என்கிற சொல் அவரிடம் இல்லையே என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன், அவருடைய பழைய குரலை அவருக்குப் போட்டுக் காட்டலாமா என்று. “பழக்கமான பாட்டு, அடிக்கடி சொன்ன வாக்கியம், இதெல்லாம் கூடவே சொல்லிப் பாத்தா சில பேருக்கு நாக்கு தானா வழி கண்டுபிடிச்சுக்கும். முயற்சி பண்ணுங்க ஆன்ட்டி. ரொம்ப எதிர்பாக்காதீங்க,” என்றாள். கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை.

கேம் ஆட இரண்டு கை வேண்டும். அவருக்கு ஒன்றுதான். நிரல் எழுதுகிற நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிக் கொடுத்தார். வண்டியை விரட்டுவது, திருப்புவது, காபியை வாங்குவது, மறுப்பது, எல்லாம் ஐந்து விரலுக்குள். படிக்கிற திறனும் அவருக்குக் குறைந்திருந்ததால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பக்கத்தில் எழுத்துக்குப் பதில் படம் வைத்தோம். இசைக்கு ஒரு மேளம், தெருவுக்கு ஒரு பஸ், குரலுக்கு ஒரு வாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் டீவியில் பொருத்தினேன். தலையணை வைத்து உட்காரவைத்து, ஆட்டக் கருவியை அவர் இடது கையில் கொடுத்தேன். மாட வீதி வந்தது. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அதே தெரு, பாத்திரக் கடை, பூக்கடை. தெரிந்துகொண்டார் என்பது கண்ணில் தெரிந்தது. அக்கா ஆட்டோவில் ஏறினாள்.

“குந்து மா. எங்க, நேரா மாமியார் வூட்டுக்கா?”

அவர் உடம்பு ஒரு தரம் நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் உயர்கிற அந்தப் புதுச் சிரிப்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி, இவருக்குப் பிடித்திருக்கிறது, போதும் என்று நினைத்தேன்.

“கூடவே சொல்லிப் பாருங்க,” என்றேன்.

அடுத்த வரி வந்தபோது உதட்டைக் கூட்டினார். ஆட்டோக்காரர் ஏதோ சொல்ல, அதன் மேலேயே “அப்புறம்” என்றார். தாளம் சரியாக இருந்தது. ஏற்ற இறக்கம் சரியாக இருந்தது. சொல் மட்டும் அதே. மறுபடி முயன்றார். அதே. இன்னொரு முறை. கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவர் முதுகில் கை வைத்தேன். கையை உதறினார். கருவியில் எதையும் அழுத்தாமல், திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி லஸ் முனையில் நின்றது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஆடுபவர் எதையும் செய்யாமல் சும்மா இருந்தால், பாத்திரம் அவரைச் சீண்டிப் பேச வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆடுபவர் தூங்கிவிட்டாரோ, எழுந்து போய்விட்டாரோ என்பதற்காக. முதலில் மெல்ல, போகப் போகக் காரமாக. அந்த வரிகளையும் அவரே இட்டுக்கட்டியிருந்தார், போர்வைக்குள், உற்சாகமாக. நான் தரையில் கிடந்த வயரைத் தேடிக் குனிவதற்குள் முதலாவது வந்துவிட்டது.

“இன்னா மா, சத்தத்தையே காணோம்?”

அவர் அசையவில்லை.

“எதனா பேசு மா. பேசாத சவாரி பொணத்த ஏத்திக்கினு போற மாரி கீது.”

“நிறுத்திடறேன், இருங்க, நிறுத்திடறேன்,” என்றேன். அவர் இடது கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். கேட்க வேண்டும் என்பது போல. அல்லது எழுந்து வராதே என்பது போல. மூன்றாவதும் வந்தது.

“வாயில இன்னா, கொய்க்கட்டையா? தொற மா வாய!”

கீழே காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தக்காளி விலை சொல்லிக்கொண்டு போயிற்று. அவர் கருவியை மடியில் திருப்பி வைத்தார். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தேடி, அந்தப் படங்கள் இருக்கிற பக்கத்துக்குப் போனார். மேளத்தைத் தாண்டினார். பஸ்ஸைத் தாண்டினார். வாயில் வந்து நின்றார். சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இல்லாமல் ஆயிற்று. ஆட்டத்துக்குத் திரும்பி வண்டியை எடுத்தார். தெருச் சத்தம் மட்டும் இருந்தது. ஹாரன், யாரோ கடை ஷட்டரை இழுக்கும் சத்தம், தூரத்து ரயில். ஆட்டோக்காரரின் பின்னந்தலை ஆடிக்கொண்டிருந்தது, பேசுகிற மாதிரி. என் கணவர் எந்த வீட்டிலும் வண்டியை நிறுத்தவில்லை. சுற்றிச் சுற்றி ஓட்டினார். பொழுது சாயும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

குரலை வைக்கலாமா, சரியா என்று அவரிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் இவ்வளவு நாள் சண்டை போட்டது எந்தக் குரலுக்காக? அது அவர் குரலே இல்லையே. எங்கோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட எவனோ ஒருவனின் குரல். மெதுவாக, இடம்விட்டுப் பேசுகிற மனிதர் அந்தப் பதிவில் எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோவில் அவர் வாயே திறக்கவில்லை. கைப்பேசியில் அவருக்குக் குறுஞ்செய்திதான் பழக்கம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருடைய குரலை யாராவது பதிவுசெய்து வைப்பார்களா? நாளைக்கும் பேசத்தானே போகிறார் என்று இருந்துவிட்டேன். பிறகு திடுக்கென்று ஞாபகம் வந்தது. போர்வைக்குள், வரிகளுக்கு நடுவில் பேசினாரே. ஆச்சா என்று கேட்டாரே. மூச்சு முட்டுது என்றாரே. கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் ரயிலில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கதவோரம் நின்றுகொண்டே போனேன். ஒலி அமைக்கும் பெண்ணின் மேசைக்கு நேராகப் போய், நடிகரை வரச்சொல்லிவிடலாம், இந்தக் குரல் வேண்டாம் என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டேன்.

“அன்னிக்கு நான் கொண்டுவந்து கொடுத்த பதிவு இருக்கா? முழுசா. வெட்டறதுக்கு முன்னாடி.”

“முன்னாடி பின்னாடி இருக்கிற பேச்செல்லாம் எடுத்துட்டேன் அக்கா. ஒரு மூச்சுகூட மிச்சம் இருக்காது, கேட்டுப் பாருங்க, அவ்ளோ சுத்தமா வெட்டியிருக்கேன்.” பெருமையாகத்தான் சொன்னாள். அவள் கெட்டிக்காரி. “மூலப் பதிவ மட்டும் அழிச்சுட்டேன். மெமரி கார்டு வேற வேலைக்கு வேண்டியிருந்துச்சு. ஏன்?”

என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தவளுக்கு மெல்ல மெல்ல விளங்கிற்று. காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“அக்கா,” என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் எழுதும்போது செய்வதும் அதுதானே. வேண்டாததை வெட்டு, வெட்டு என்றுதானே இத்தனை வருஷம்.

தேனாம்பேட்டையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடிகர் பேசினார். நல்ல மனிதர், நாடகத்திலிருந்து வந்தவர். பழைய குரலைக் கேட்டுவிட்டுப் பேசட்டுமா என்றார். வேண்டாம், உங்களுக்குத் தோன்றுகிற மாதிரி பேசுங்கள் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று “ரோடு இன்னா உங்க மாமனார் குட்தா” என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகவே இருந்தது. அவர் பேசிக்கொண்டே வந்து, சும்மா இருக்கும்போது சீண்டுகிற வரிகளுக்கு வந்தார். நிறுத்தச் சொன்னேன்.

“இதெல்லாம் வேண்டாம்.”

நிறுவனத்தை நடத்துபவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “அப்போ ஆடறவங்க சும்மா இருந்தா இவரு என்ன பண்ணுவாரு?”

“சும்மா இருப்பாரு.”

“மேடம், கேம் உறைஞ்சுபோச்சுன்னு நெனச்சுப்பாங்க. அட்லீஸ்ட் ஒரு இருமல்?”

“இன்ஜின் ஓடுற சத்தம் போதும்.”

அவர் தாளில் அந்த வரிகளைக் கோடிட்டு அடித்தார்.

ஆட்டம் தயாராகிச் சந்தைக்குப் போவதற்கு முன் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். கணவரிடம் காட்ட வேண்டாம் என்றுதான் பையிலேயே வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டார். இடது கையை நீட்டினார். பொருத்திக் கொடுத்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்துக்குப் போய், வாய்க்கான கோட்டை மேலே ஏற்றினார். புதுக் குரல் பேசியது. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சுமார்தான் என்கிறார்.

“ரொம்பத்தான்,” என்றேன்.

மாட வீதியில் ஒரு வீட்டில் பத்திரிகை வைத்தார். காபி வாங்கிக் குடித்தார். தி.நகரில் ஒரு வீடு. அங்கேயும் குடித்தார். அடையாறு போகிற வழியில், பாலத்துக்கு முன்னால், விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஆட்டோக்காரர் எதுவும் சொல்லவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிற்று. என் கணவர் காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்புறம்?”

இது எனக்குப் புரிந்தது.

“அந்த வரியெல்லாம் எடுத்துட்டேன்,” என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமா, எடுத்தது பிடிக்கவில்லையா, தன் பொருட்டு ஒரு நல்ல வேடிக்கையை வீணாக்கிவிட்டாள் என்று வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. இடது கையைக் கொஞ்சம் உயர்த்தினார். அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாதது போல மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆட்டத்துக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவர் எதையும் அழுத்தவில்லை, நானும் அழுத்துங்கள் என்று சொல்லவில்லை. பின் இருக்கையில் அக்கா தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடையாற்று வீடுகளுக்கான பத்திரிகைகள் அவள் மடியிலேயே இருந்தன.